தட்டுப் பார்க்கும் அசார்மான்

சாப்பிட்டு முடித்த தட்டுகளை அசார்மான் ராய் உடனே கழுவ விடமாட்டான். சமையல் கூடாரத்து வாசலில் குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்ப்பான். சோறு பாதி கிடக்கிறதா, பருப்பு மட்டும் போயிருக்கிறதா, பூண்டு சூப் ஆடை கட்டிக் கிடக்கிறதா, ரொட்டியைப் பிய்த்துத் தட்டுக்கடியில் ஒளித்திருக்கிறார்களா, எல்லாம் பார்ப்பான். பிறகு என்னிடம் வந்து, "அண்ணே, மூணாம் நம்பர் கூடாரத்துத் தாடிக்காரரை நாளைக்கு மேல கூட்டிட்டுப் போகாதீங்க" என்பான். தாடிக்காரர் அப்போது வெளியே நின்று போட்டோ எடுத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருப்பார். மறுநாள் காலையில் பார்த்தால் தலையைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுப்பார்.

என் பெயர் சோங்பா. பாங்போச்சே ஊர் ஷெர்பா. மலையேற வரும் கூட்டங்களை லுக்லாவில் இறக்கி அடிவார முகாம் வரைக்கும் கட்டி மேய்த்துக்கொண்டு போகிற ஆளுக்கு எங்கள் பக்கம் சர்தார் என்று பெயர். அந்த வேலையில்தான் எனக்குத் தலை நரைத்தது. சுமைக்காரன் ஓடிப்போனாலும், யாக் படுத்துக்கொண்டாலும், வெள்ளைக்காரருக்கு வயிறு போனாலும் எல்லாம் சர்தார் தலையில்தான் விடியும். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கிறது என்று என் மனைவி யாங்ஜி சொல்வாள். உண்மைதான். ஆனால் அவள் அதைச் சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

அசார்மான் எங்கள் ஆள் இல்லை. போஜ்பூர் பக்கத்து ராய் இனத்தான். கீழே, நெல்லும் கேழ்வரகும் விளைகிற ஊர். அசார் மாதத்து மழையில், அவன் அம்மா வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்தபோது பிறந்தவன் என்பதால் அந்தப் பெயர். ஏழு நாள் நடந்து அரிசி மூட்டை சுமந்துகொண்டு நாம்சே சனிக்கிழமைச் சந்தைக்கு வருவான். ஒரு வருஷம் என் சமையல்காரன் நாம்சேயில் சண்டை போட்டுவிட்டு இறங்கிப் போய்விட்டான். கூட்டம் பசியோடு உட்கார்ந்திருக்கிறது. நான் சந்தை நடுவில் நின்று, "சமைக்கத் தெரிஞ்சவன் எவனாவது இருக்கானா?" என்று கத்தினேன். இவன் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, அதைத் தாங்கிய நெற்றிப்பட்டையைக் கழற்றினான்.

"சோறு தெரியும்" என்றான்.

"வெள்ளைக்காரங்க சோறு திங்க மாட்டாங்கடா."

"பசிச்சா திம்பாங்க."

தின்றார்கள். மூன்றாம் வருஷம் அவன் மண்ணெண்ணெய் அடுப்பில் சட்டிக்குள் சட்டி வைத்து கேக் சுட்டான். ஐயாயிரம் மீட்டர் உயரத்தில் கேக்கைப் பார்த்து ஒரு கிழவர் அழுதார்.

எந்த இடத்தில் கூடாரம் போட்டாலும் அடுப்புக்குப் பக்கத்தில் மூன்று கூழாங்கற்களை நட்டு, அவற்றுக்கு ஒரு சிட்டிகை அரிசி வைத்த பிறகுதான் தீ மூட்டுவான். ராய்களுக்கு அடுப்புக்கல்தான் முன்னோர். எங்களுக்கும் அடுப்பு சாமிதான். தீயில் இறைச்சி விழுந்து கருகினால் அந்த நாற்றம் மலைத்தாய்க்கு ஆகாது. மேலே ஏறுகிறவன் தலையில்தான் அது இறங்கும். அதிலும் முகாமில் லாமா வந்து பூஜை முடிப்பதற்கு முன்னால் நடந்தால் கேட்கவே வேண்டாம். அதனால் பூஜை முடிகிற வரைக்கும் இறைச்சியே மேலே வரக்கூடாது என்பது என் உத்தரவு. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கும் அவனுக்கும் சண்டை வந்ததில்லை. மற்ற எல்லாவற்றிலும் வரும். நான் அவனைச் சோத்துமூட்டை என்பேன், அவன் என்னை உருளைக்கிழங்கு என்பான். எங்கள் உப்பு வெண்ணெய்த் தேநீரை அவன் கஷாயம் என்பான். ஆனாலும் எனக்கென்று தினமும் அதைக் கடைந்து கொடுப்பான்.

நான் சொல்ல வந்த வருஷத்துக்கு வருகிறேன். பிள்ளைகள் படிப்புக்காக ஐந்து வருஷம் காட்மாண்டுவில் குடியிருந்தேன். ஏஜென்சி ஒன்றில் நாற்காலி வேலை. தொப்பை விழுந்தது. பிறகு நார்வேக்காரி மாரித்தின் கூட்டம் வருகிறது, நீதான் சர்தாராக வரவேண்டும் என்கிறாள் என்று தகவல் வந்தது. மாரித் எத்தனையோ முறை என்னோடு மலைக்கு வந்தவள், கூட்டத்தை வழிநடத்துகிற ஆள், எங்கள் மொழியில் என்னையே திட்டுகிற அளவுக்குப் பேசுவாள். ஒன்பது பேரோடு வந்தாள். நானே காட்மாண்டுவில் அவர்கள் சாமான்களை எண்ணி மூட்டை கட்டினேன். விமானத்தில் லுக்லா வந்து இறங்கினோம்.

நாம்சேயில் கூட்டம் உடம்பைப் பழக்கிக்கொள்ள இரண்டு நாள் உட்கார்ந்தது. அங்கேதான் தகவல் கிடைத்தது: எங்களுக்கு முன்னால் ஒரு பெரிய கூட்டம் போய்க்கொண்டிருக்கிறது. முகாமில் தண்ணீருக்குப் பக்கத்தில் இருக்கிற சமதளத்தை அவர்கள் வளைத்துவிட்டால், எங்கள் ஆட்கள் இரண்டு மாதம் பனிக்கட்டிச் சரிவில் படுக்க வேண்டும். நான் ஞவாங்கைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். ஞவாங் எங்கள் ஊர்க்காரன், கூடாரத்துக்குத் தளம் வெட்டுவதில் கெட்டிக்காரன். இரண்டே நாளில் முகாமுக்குப் போய்ச் சேர்ந்தோம்.

மெதுவாக ஏறு, தண்ணீர் குடி, உயரத்துக்கு உடம்பை விட்டுப் பிடி என்று வருஷா வருஷம் வெள்ளைக்காரர்களுக்குப் பாடம் நடத்துகிற வாத்தியார் நான்தான். பாங்போச்சேயில் பிறந்தவனுக்கு அந்தப் பாடம் கிடையாது என்று நினைத்துக்கொண்டேன். நான் மட்டும் இல்லை, எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் இந்தத் திமிர் உண்டு. கீழே ஐந்து வருஷம் உட்கார்ந்தால் எங்கள் உடம்பும் கீழ்நாட்டு உடம்பாகிவிடும் என்று சொன்னால் எவனும் ஒப்புக்கொள்ள மாட்டான். மலைநோய் என்பது விருந்தாளிகளுக்கு வருவது. ஒரு சர்தாருக்கு அது வந்தது என்று தெரிந்தால் அடுத்த வருஷம் அவனை நம்பி யாரும் கூட்டத்தைக் கொடுக்க மாட்டார்கள்.

முதல் நாளே தலை இடித்தது. வெயில் என்றேன். இரண்டாம் நாள் கடப்பாரையைப் பிடித்தால் பிடி நிற்கவில்லை. குளிர் என்றேன். மூன்றாம் நாள் அசார்மான் சமையல் சாமான்களோடு வந்து சேர்ந்தான். அவன் தன் ஊரிலிருந்து நடந்தே வருகிறவன், அவனுக்கு ஒன்றும் இல்லை. கல் அடுக்கி, மேலே தார்ப்பாய் கட்டி, மூன்று கூழாங்கல் நட்டு, அடுப்பை மூட்டி, முதலில் எனக்கு வெண்ணெய்த் தேநீர் கடைந்தான்.

எங்கள் வீடுகளில் தேநீர் மூன்று முறை ஊற்றுவார்கள். வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே கோப்பையை நீட்டுவோம். அன்றைக்கு நான் முதல் கோப்பையிலேயே பாதியை வைத்துவிட்டேன். அவன் இரண்டாவது ஊற்ற வந்தபோது கையால் மூடினேன். கோப்பையை எடுத்து உள்ளே பார்த்தான். சாயங்காலம் என் தட்டையும் எடுத்துப் பார்த்தான்.

மறுநாள் காலை என்னிடம் வந்தான். "அண்ணே, இந்தக் கயிறு மேல கொஞ்சம் நடந்து காட்டுங்க." கூடாரக் கயிறு ஒன்றைத் தரையில் நேராகப் போட்டிருந்தான்.

"நான் என்ன கழைக்கூத்தாடியா?"

"சும்மா நடங்கண்ணே."

இரண்டடி வைத்தேன், விழுந்தேன். வழுக்குகிறது என்றேன். அங்கே பனி இல்லை, வெறும் கல்தான்.

"இப்பவே கீழ எறங்கணும்" என்றான். "இன்னைக்கு ராத்திரி இங்க படுத்தா நாளைக்கு நீங்க எந்திரிக்க மாட்டீங்க."

"சோத்துமூட்டை, நீ எனக்கு மலையைச் சொல்லித் தர்றியா? நான் எறங்கினா நாளைக்கே இந்த எடத்துல அடுத்தவன் கூடாரம் நிக்கும்."

"எடத்தை ஞவாங் பாத்துக்குவாரு."

"நான் சர்தார். சர்தார் எங்கடா எறங்கிப் போவான்? போய் வேலையைப் பாரு."

போய்விட்டான். எனக்குக் கண்ணெல்லாம் மங்கலாக இருந்தது. செத்துப்போன என் அப்பா யாக்குகளை ஓட்டிக்கொண்டு பனிப்பாறைகளுக்கு நடுவே போனார், எனக்கு அது வினோதமாகவே படவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் தண்ணீர் கேட்கலாம் என்று சமையல் கூடாரத்துக்குள் தலையை நீட்டினேன். அசார்மான் அடுப்பு முன்னால் நின்றுகொண்டிருந்தான். கையில் முள்கரண்டி. கரண்டியில் கருஞ்சிவப்பாக, சாறு சொட்டச் சொட்ட ஒரு துண்டு இறைச்சி. கீழே அடுப்பு எரிகிறது.

எனக்கு உயிரே போய்விட்டது. "அசார், இறைச்சியை எடு. அடுப்புகிட்ட கொண்டு போகாதே. இன்னும் பூஜை ஆகலடா" என்று கெஞ்சினேன்.

அவன் கரண்டியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். அவன் முகம் வெளுத்தது எனக்கு இன்றைக்கும் நினைவிருக்கிறது. பிறகு கரண்டியைத் தீக்கு நேர் மேலே பிடித்தான்.

"கூடையில ஏறுங்க. கீழ சுமந்துட்டுப் போறேன். இல்லேன்னா இதைத் தீயில போட்டுடுவேன்."

"மகாபாவம்டா. ஒம்பது பேர் ஏறப் போறாங்க."

"தெரியும். கூடையில ஏறுங்க."

நான் தரையில் விழுந்து அந்த அடுப்பைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டேன். எனக்குப் பின்னால் வாசலில் ஞவாங் நின்று வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தான். ஏறினேன். வேறு என்ன செய்ய?

பாத்திரம் சுமக்கிற தன் முதுகுக் கூடையின் ஒரு பக்கத்தைக் குக்குரிக் கத்தியால் வெட்டிக் காலுக்கு வழி செய்தான். என்னை உட்கார வைத்தான். பிறகு ஒரு காரியம் செய்தான்: சப்பாத்திக் கட்டையை என் வலது காலோடு சேர்த்து வைத்து, இடுப்புத் துணியால் இறுக்கிக் கட்டினான்.

"கால்ல ஒண்ணும் இல்லடா" என்றேன்.

"வழியில பாக்கறவங்களுக்கும் ஞவாங்குக்கும் கால்தான் ஒடிஞ்சிருக்கு" என்றான்.

அவனும் ஞவாங்கும் மாறி மாறிச் சுமந்தார்கள். தொப்பையோடு சேர்த்து நான் எண்பது கிலோவுக்குக் குறையமாட்டேன். கல்லும் பனியும் புரண்டு கிடக்கிற பாதை. சுமக்கிறவன் மூச்சு என் முதுகுக்குப் பின்னால் கேட்டுக்கொண்டே இருந்தது. நான் வழியெல்லாம் திட்டிக்கொண்டு வந்தேனாம். அசார்மானின் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டினேன் என்று ஞவாங் பிற்பாடு சொன்னான்.

லோபுச்சேக்கு மேலே மாரித்தின் கூட்டம் எதிரே வந்தது. ஒன்பது பேரும் பாதையை விட்டு ஒதுங்கி நின்று தொப்பியைக் கழற்றினார்கள். சில நாளைக்கு முன்னால் நான் யாருக்கெல்லாம் வாத்தியாரோ அவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அசார்மான் மாரித்தைத் தனியே அழைத்துப் போய் ஏதோ சொன்னான். அவள் வந்து என் கண்ணைப் பார்த்தாள், ஊசி போட்டாள், மூக்கில் ஆக்சிஜன் மாட்டினாள். சப்பாத்திக் கட்டையைப் பார்த்தாள். "கால் சீக்கிரம் சரியாயிடும், சோங்பா" என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னாள்.

பொழுது சாய்கிற நேரத்தில் பெரிச்சே மருத்துவரிடம் என்னை இறக்கினார்கள். மூளையில் நீர் கோத்திருக்கிறது, இன்னும் சில மணி நேரம் மேலே இருந்திருந்தால் கதை முடிந்திருக்கும் என்றார். நான் கண் தெளிந்து பார்த்தபோது அசார்மான் இல்லை. மறுநாள் விடியும் முன்பே மேலே கிளம்பிவிட்டான். ஒன்பது பேருக்கு அன்று ராத்திரிச் சாப்பாடு அவன் கையால்தான். எங்கள் கூடாரம் அங்கே நின்றதால் சமதளத்தையும் யாரும் எடுக்கவில்லை.

அந்த வருஷம் ஒன்பது பேரும் முழுசாக இறங்கி வந்தார்கள். ஆனால் ஞவாங்கின் வாய் சும்மா இருக்கவில்லை. கால் ஒடிந்தும் இறங்க மறுத்த சர்தாரைக் கூடையில் ஏற்றுவதற்காக அடுப்பில் இறைச்சியைப் போடத் துணிந்தான் அந்த ராய் என்று லுக்லா வரைக்கும் பரவிவிட்டது. நல்லதுக்குத்தான் செய்தான் என்றாலும் அடுப்பு அடுப்புதானே. அடுத்த இரண்டு வசந்தமும் எந்த ஷெர்பா சர்தாரும் அவனைச் சமையலுக்குக் கூப்பிடவில்லை. எனக்கோ இரண்டு வருஷம் உயரம் போகக்கூடாது என்று மருத்துவர் உத்தரவு. அவன் போஜ்பூரில் ஏலக்காய்க்குக் களை பறித்துக்கொண்டிருந்தான்.

மூன்றாம் வருஷம் நான் திரும்பி வேலைக்கு வந்தபோது முதல் ஆளாக அவனைக் கூப்பிட்டேன். பெரிய மனசு பண்ணிக் கூப்பிடுகிறேன் என்றுதான் என் நினைப்பு. என் உயிருக்காக அவன் ஏற்றுக்கொண்ட பாவத்தை நானும் கொஞ்சம் சுமக்க வேண்டும் என்று ஒவ்வொரு வருஷமும் அந்த நாளில் எங்கள் ஊர்க் கோம்பா மடத்தில் நூற்றெட்டு வெண்ணெய் விளக்கு ஏற்றினேன். அவனைப் பார்க்கும்போது, "உன் பாவத்துக்கு விளக்கு ஏத்திட்டேன்டா" என்பேன். "நல்லதுண்ணே" என்று தலையை ஆட்டுவான். கூடையில் ஏறிய நாளிலிருந்து எண்ணினால் இப்படிப் பதினோரு வருஷம்.

போன இலையுதிர் காலத்தில் கூட்டம் ஒன்றை இறக்கி அனுப்பிவிட்டு எங்கள் வீட்டில் தங்கினான். யாங்ஜி உருளைக்கிழங்கு ரொட்டி சுட்டாள். யாரோ விட்டுப்போன டின் ஒன்று அலமாரியில் இருந்தது, நார்வேக்காரர்கள் விரும்பித் தின்னும் புளிக்காடியில் ஊறிய பீட்ரூட். அதைத் திறந்து, முழுசாக ஒன்றை எடுத்து அவன் தட்டில் வைத்தாள். அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். திடீரென்று சிரிக்க ஆரம்பித்தான். கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரிப்பு.

"என்னடா?"

"ஒண்ணுமில்லண்ணே."

யாங்ஜியிடம் ஒண்ணுமில்லை என்று சொல்லித் தப்பிக்க முடியாது. சாங் கள்ளை ஊற்றினாள். அவன் வேண்டாம் என்றான், ஊற்றினாள். மறுபடி வேண்டாம் என்றான், மறுபடி ஊற்றினாள். மூன்றாவது கோப்பை பாதி இறங்கியதும் முள்கரண்டியால் அந்த பீட்ரூட்டைக் குத்தித் தூக்கிப் பிடித்தான். சிவப்புச் சாறு சொட்டியது.

"அண்ணே, இது என்ன?"

"பீட்ரூட்" என்றேன்.

"அன்னைக்கு இறைச்சி எங்கண்ணே இருந்துச்சு? பூஜை வரைக்கும் வரக்கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க. விருந்தாளிங்க வர்றதுக்குள்ள இது என்ன ருசின்னு பாக்கலாம்னு ஒரு டின்னைத் தொறந்தேன். நீங்க வந்து பாத்துட்டு, இறைச்சியை எடுடான்னு அழுதீங்க. முப்பது டின்னை எண்ணி மூட்டை கட்டினதே நீங்க. தலைவலி, தள்ளாட்டம்னா சாயங்காலம் வரைக்கும் பேசிப் பாக்கலாம்னு இருந்தேன். பீட்ரூட்டைப் பாத்துக் கும்பிடுறவருக்கு ஒரு மணி நேரம்கூடக் கெடையாதுன்னு அப்பதான் தெரிஞ்சுது."

யாங்ஜி அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"இத்தனை வருஷம் ஏன்டா சொல்லல?" என்றேன். "பீட்ரூட்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்த ரெண்டு வருஷம் உனக்கு வேலை கெடைச்சிருக்குமே."

"சொன்னா? சர்தாருக்கு மூளை கலங்கி பீட்ரூட்டை இறைச்சின்னாருன்னு ஆகும். அப்புறம் உங்களை நம்பி எவன் கூட்டம் குடுப்பான்? மாரித் அக்காவுக்கு மட்டும்தான் சொன்னேன், வைத்தியம் பாக்கணுமே. என் பொண்டாட்டிக்குக்கூடத் தெரியாது."

"அதுக்காக நீ அந்தப் பேரைத் தூக்கிச் சுமந்தியா?"

"எனக்கு ஏலக்காய் இருக்குண்ணே. உங்களுக்கு என்ன இருக்கு? உருளைக்கிழங்கு."

நான் அழுதேன். இதில் வெட்கம் என்ன இருக்கிறது. அவன் என்னைச் சுமந்தது ஒரு பகல்தான் என்று நினைத்திருந்தேன். பெரிச்சேயில் என்னை இறக்கி வைத்தான், என் மானத்தை மட்டும் பதினோரு வருஷமாக இறக்கி வைக்காமல் சுமந்துகொண்டே நடந்திருக்கிறான். நானோ அவனுக்குப் பாவமன்னிப்பு வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"ஆயிரத்துக்கு மேல வெளக்கு ஏத்தியிருக்கேனடா" என்றேன்.

"வீணாப் போகாதுண்ணே. யாருக்காவது ஆகும்" என்று பீட்ரூட்டைக் கடித்தான்.

அடுத்த சனிக்கிழமை நான் நாம்சே சந்தைக்குப் போனேன். சர்தார்கள் எல்லாம் தேநீர் குடிக்கிற கடையில் கூட்டம் நிறைந்திருந்தது. ஞவாங்கும் இருந்தான், அவன் இப்போது பெரிய சர்தார். என் கால் ஒடியவில்லை, மலைநோய் வந்தது, மூளை கலங்கியது, அசார்மான் கையில் இருந்தது பீட்ரூட் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன்.

"அப்போ நான் பாத்தது?" என்றான் ஞவாங்.

"பீட்ரூட். நீயும்தான் இறைச்சின்ன. உனக்கு மலைநோய்கூட இல்ல."

கடையே சிரித்தது. அன்றிலிருந்து சந்தையில் காய்கறி விற்கிறவள் என்னைப் பார்த்தால் ஒரு முள்ளங்கியைத் தூக்கிக் காட்டி, "சர்தார், இது எந்த விலங்கோட இறைச்சி?" என்று கேட்கிறாள். கேட்கட்டும். எனக்குக் கோபம்கூட வருவதில்லை, யாங்ஜியே ஆச்சரியப்படுகிறாள்.

வருஷா வருஷம் என்னைக் கூப்பிடுகிற இரண்டு ஏஜென்சிகள் இந்த முறை கூப்பிடவில்லை. ஞவாங் வந்து அசார்மானைத் தன் கூட்டத்துக்குக் கேட்டான், கூடவே இன்னும் நான்கு சர்தார்கள் கேட்டார்கள். எல்லாரையும் வரிசையில் நிற்கச் சொல்லியிருக்கிறேன். மாரித் மட்டும் எனக்குக் கடிதம் போட்டிருக்கிறாள், பன்னிரண்டு பேரோடு வருகிறாளாம், நீங்கள் இருவரும் வேண்டும் என்று எழுதியிருக்கிறாள். வசந்தத்தில் கிளம்புகிறோம். நாம்சேயில் இரண்டு நாள், டிங்போச்சேயில் இரண்டு நாள் என்று எல்லாரோடும் சேர்ந்து மெதுவாகத்தான் நானும் ஏறுவேன். சாப்பிட்டு முடித்ததும் என் தட்டை நானே கொண்டுபோய் அசார்மான் கையில் கொடுப்பேன்.